கதைத் தலைவன் மடியத்தான் வேண்டுமா?
(ஹாரி பாட்டர் தொடரின் முடிவு பற்றி ஓர் ஆய்வு)

முன்னுரை

கதை கேட்கும் குழந்தை “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ‘அப்புறம்’ தீர்ந்துபோகும் இடமே கதையின் முடிவு. ஒரே மூச்சில் படித்து முடிக்கும் சிறுகதையின் முடிவு கசந்தாலும், மறுநாள் வேறொரு கதையைப் படித்து நாம் தேறிக்கொள்வோம். ஆயின், பத்து ஆண்டுகள் நம்மோடு கூடவே வளர்ந்த ஒரு தொடர்கதையின் தலைவன் இறுதி ஏட்டில் மாண்டுபோவான் எனில் அதைத் தாங்கிக்கொள்வது எளிதா? அவனைப் படைத்தவர்க்கு அவனைக் கொல்லும் உரிமை உண்டா? இளையோர்க்கு எழுதும் கதையில் சாவுக்கு இடம் தரலாமா? இவை நம்மில் பலர் நூலகத்திலும் உணவு வேளையிலும் வாதிடும் வினாக்கள். இவற்றை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வினா எழுந்த வரலாறு

இக்கதையைப் படித்திராத பெற்றோர்க்கும் அருட்சகோதரியர்க்கும் அதன் சுருக்கத்தை முதலில் கூறிவிடுதல் நலம். பிரிட்டன் நாட்டு எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங் அம்மையார் எழுதிய ஹாரி பாட்டர் கதை ஏழு நூல்களால் ஆனது. முதல் நூல் 1997 ஜூன் 26 அன்றும், ஏழாம் நூல் 2007 ஜூலை 21 அன்றும் வெளிவந்தன. முதல் நூலைப் பதினோரு வயதில் வாசித்த சிறுமி, இறுதி நூலைக் கையில் எடுத்தபோது இருபத்தொரு வயது மங்கையாகி இருந்தாள்.

ஹாரி ஒரு வயதுக் குழந்தையாய் இருந்தபோது வோல்டிமார்ட் என்னும் கொடிய மந்திரவாதி அவன் பெற்றோரைக் கொன்றான். தாய் லில்லியை அவன் விலகி நிற்கச் சொன்னான்; விலகியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவளோ தொட்டிலை மறைத்து நின்று உயிர் கொடுத்தாள். அந்த அன்பே குழந்தைக்குக் கவசமாயிற்று. கொல்ல வந்தவனின் மந்திரம் அவனையே திருப்பித் தாக்கியது. குழந்தையின் நெற்றியில் ஒரு தழும்பு மட்டும் நின்றது. பெரியம்மா வீட்டில் மாடிப்படிக்குக் கீழேயுள்ள சிறு அறையில், வேண்டாத பிள்ளையாய் வளர்ந்த ஹாரி, பதினோராம் வயதில் மந்திரப் பள்ளியில் சேர்வதும், ஆண்டுக்கு ஆண்டு அப்பகைவனை எதிர்கொள்வதுமே கதை.

2003இல் வந்த ஐந்தாம் நூலில் ஒரு முன்னறிவிப்பு வெளிப்பட்டது. ஹாரி, வோல்டிமார்ட் ஆகிய இருவருள் ஒருவன் மற்றவன் கையால் மடிந்தே தீரவேண்டும் என்பது அதன் பொருள். 2005இல் வந்த ஆறாம் நூலில் ஹாரியின் ஆசானாகிய டம்பிள்டோரும் கொல்லப்பட்டார். அப்போதிருந்து வாசகர்களின் நெஞ்சில் அச்சம் குடிகொண்டது. 2006 ஜூனில் ரௌலிங் தொலைக்காட்சியில் பேசும்போது, தாம் முதலில் எண்ணியிராத இருவர் இறுதி நூலில் இறப்பர் என்றார். தம் கதையைப் பிறர் தொடர்ந்து எழுதாதிருக்கும்பொருட்டுத் தலைவனைக் கொன்றுவிடும் எழுத்தாளரின் மனம் தமக்குப் புரிகிறது என்றும் சொன்னார். போதாதா? அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் நகரில் நடந்த ஓர் அறநிதி நிகழ்ச்சியில், புகழ்பெற்ற எழுத்தாளர்களாகிய ஸ்டீபன் கிங், ஜான் இர்விங் ஆகிய இருவருமே ஹாரியைக் கொன்றுவிட வேண்டா என்று அவரிடம் கேட்டுக்கொண்டனர். ஹாரியும் ரைக்கன்பாக் அருவியில் விழுந்துவிடக்கூடாது என்று கவலை தெரிவித்தார் கிங். அந்த அருவியின் கதையை அறிந்தால் நம் ஆய்வுக்கு வழி பிறக்கும்.

2. முன்னோர் கண்ட மூன்று முடிவுகள்

ரைக்கன்பாக் அருவி சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ளது. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸை, ஆர்தர் கோனன் டாயில் 1893 டிசம்பரில் ‘ஸ்டிராண்ட்’ இதழில் வெளிவந்த கதையில் அங்கேதான் விழச்செய்தார். ஹோம்ஸ் கதைகளால் தம்முடைய வரலாற்று நாவல்களுக்கு நேரம் இல்லாமற் போகிறது என்பது அவர் குறை. 1891லேயே இந்த எண்ணத்தைத் தம் தாய்க்கு எழுதினார். தாயோ கூடவே கூடாது என்று மறுத்தார். தாய் சொல்லால் ஹோம்ஸின் ஆயுள் இரண்டு ஆண்டு நீண்டது! ஆனால் முடிவில் டாயில் தம் எண்ணப்படியே செய்தார். வாசகர்கள் சினந்தனர், இதழின் சந்தாவை நிறுத்தியவர்களும் உண்டு. பத்து ஆண்டுகளுக்குப்பின், 1903இல், ஹோம்ஸ் சாகவே இல்லை என்று எழுதி அவரை மீட்டுக்கொண்டு வந்தார் டாயில்.

வாசகர்கள் ஏன் அச்சாவை ஏற்கவில்லை? ஹோம்ஸை வீழ்த்தும் மோரியார்ட்டி என்னும் பகைவன் அந்தக் கதையில்தான் முதன்முதலாக வருகிறான். முன்னைய கதைகளில் அவன் பெயர்கூட இல்லை. தலைவனைக் கொல்வதற்கென்றே அழைத்துவரப்பட்டவன் அவன். எனவே அச்சாவு கதையிலிருந்து முளைக்கவில்லை. எழுதியவரின் சலிப்பிலிருந்து முளைத்தது. இதிலிருந்து நமக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது: தலைவனின் சாவு கதைக்குத் தேவையா, எழுதுபவர்க்குத் தேவையா?

இரண்டாவதாக, சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகளைக் காண்போம். இவையும் ஏழு நூல்களே. 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. இறுதி நூலில் கதையின் நாயகப் பிள்ளைகள் ஒரு ரயில் விபத்தில் இறக்கின்றனர். இறந்தோம் என்று அறியாமலே ஒளி மிகுந்த புதிய நார்னியாவுக்குள் நுழைகின்றனர். சாவு என்பது சுவரன்று, வாயிலே என்று லூயிஸ் காட்டுகிறார். நம்பிக்கையுள்ள உள்ளத்துக்கு இது பேராறுதல்.

ஆயினும் நம் மனத்தில் ஒரு முள் தைக்கிறது. அவர்களுள் மூத்த சகோதரி சூசன் அங்கில்லை. நார்னியாவைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்ட அவள், பூமியில் உயிரோடிருக்கிறாள். அந்த ஒரே விபத்தில் அவள் உடன்பிறந்தார் மூவரையும் பெற்றோரையும் இழந்துவிட்டாள். அந்தச் செய்தியை அவளுக்குச் சொன்னவர் யார்? அன்றிரவு அவளோடு உட்கார்ந்திருந்தவர் யார்? நூல் கூறவில்லை. அவள் திருந்துவதற்குக் காலம் உண்டு என்று லூயிஸ் பின்னொருநாள் கடிதத்தில் எழுதினார் என்பது உண்மையே. ஆனால் கதைக்குள் அவளுக்கு ஒரு தோள் கிடைக்கவில்லை. இங்கே இரண்டாம் கேள்வி பிறக்கிறது: இறந்தவரை மேன்மைப்படுத்தும் கதை, எஞ்சியவரை நினைக்கிறதா?

மூன்றாவது, டோல்கியன் எழுதி 1954-55இல் வெளிவந்த ‘மோதிரங்களின் தலைவன்’ கதை. டோல்கியன் கத்தோலிக்கர். அவர் தாய் 1900இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, 1904இல், மகனுக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கையில் இறந்தார். அதன்பின் பிரான்சிஸ் மார்கன் என்னும் குருவானவரே பிள்ளைகளுக்குப் பாதுகாவலராய் விளங்கினார்.

இவர் கதையில் ஃபுரோடோ என்னும் எளியவன், தீமை நிறைந்த மோதிரத்தை அழிக்க நெருப்பு மலைக்குச் செல்கிறான். மோதிரம் அழியும் நாளாக ஆசிரியர் குறித்திருப்பது மார்ச் 25. அது மங்கள வார்த்தைத் திருநாள் என்பதை நம் வாசகர்க்குச் சொல்லவேண்டியதில்லை. ஃபுரோடோ சாகவில்லை; ஊர் திரும்புகிறான். ஆனால் பெற்ற காயங்கள் ஆண்டுதோறும் அதே நாளில் வலிக்கின்றன. தான் காப்பாற்றிய ஊரில் தன்னாலேயே வாழ முடியாமல், ஈராண்டு கழித்துக் கப்பலேறிக் கடல் கடந்து போய்விடுகிறான். அவன் தோழன் சாம் மட்டும் மனைவியும் குழந்தையும் காத்திருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறான். உயிர் பிழைப்பது வேறு, விலை கொடுக்காமல் தப்புவது வேறு என்று இக்கதை கற்பிக்கிறது. ஆகவே மூன்றாம் கேள்வி இது: தலைவன் பிழைத்தானெனில், வெற்றிக்குரிய விலையை யாரேனும் உண்மையாகவே கொடுத்தார்களா?

3. ‘மடியட்டும்’ என்போர் வாதம்

இனி ஹாரியின் வழக்குக்கு வருவோம். அவன் மடிவதே முறை என்போர் கூறுவன மூன்று. ஒன்று, ஆறு நூல்களில் ஆபத்து ஆபத்து என்று அச்சுறுத்திவிட்டு ஏழாம் நூலில் ‘சுபம்’ போட்டு முடித்தால் அது வாசகரை ஏமாற்றுவதாகும். இரண்டு, பிறர்க்காக உயிர் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை. ஆகவே தலைவனுக்கு அதுவே தக்க மகுடம். மூன்று, பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றிப் பொய் சொல்லலாகாது. பாட்டியை இழந்த பிள்ளையும், தந்தையை இழந்த பிள்ளையும் நம்மிடையே இருக்க, கதையில் மட்டும் எல்லாரும் பிழைத்துக்கொள்வது அவர்கள் துயரை அறியாத பேச்சாகும்.

இம்மூன்றும் வலிய வாதங்களே. குறிப்பாக மூன்றாவதை எவரும் மறுத்தல் இயலாது. ரௌலிங்கும் அதை அறிந்தே எழுதினார். அவர் இக்கதையை எழுதத் தொடங்கிய 1990ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தாய் நோயால் இறந்தார், வயது நாற்பத்தைந்துதான். மகள் இப்படியொரு கதை எழுதுகிறாள் என்பதையே அத்தாய் அறியவில்லை. முதல் நூலில், உள்ளத்தின் ஆழ்ந்த ஏக்கத்தைக் காட்டும் ஒரு மாயக்கண்ணாடி வருகிறது. அதில் ஹாரி காண்பது பொன்னையோ புகழையோ அன்று. தன்னைப் பார்த்துக் கையசைக்கும் தாயையும் தந்தையையும்தான். இரவுதோறும் அதன்முன் போய் உட்காரும் அவனை டம்பிள்டோர் தடுத்து, கனவிலேயே தங்கி வாழ மறந்துவிடலாகாது என்று அறிவுறுத்துகிறார்.

4. ‘வாழட்டும்’ என்போர் வாதம்

ஹாரி வாழவேண்டும் என்போருள் பலர், எங்களுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்பதோடு நின்றுவிடுகின்றனர். அன்பு வாதமாகாது. ஆயினும் அவர்கள் பக்கமும் தக்க காரணங்கள் உண்டு.

முதலாவது, லில்லியின் உயிர்க்கொடை. தன் பிள்ளை வாழவேண்டும் என்றே ஒரு தாய் இறந்தாள். அவன் வாழாமலே பதினேழு வயதில் மடிவானாயின், அவள் இறந்தது எதற்காக? பதினாறு ஆண்டுகள் தள்ளிப்போட்ட சாவுதானா அவள் பெற்றுத் தந்தது? இரண்டாவது, இக்கதை தொடங்கும் இடம். பெற்றோரை இழந்த குழந்தையை ஒரு வீட்டு வாசற்படியில் விட்டுச் செல்வதோடு முதல் அத்தியாயம் முடிகிறது. ‘இப்படி எஞ்சிப்போன பிள்ளை வாழமுடியுமா? அன்பு செய்யமுடியுமா?’ என்பதே அக்கதை கேட்கும் கேள்வி. அவனைக் கொல்வது கேள்விக்கு விடையாகாது, கேள்வியையே அழித்துவிடுவதாகும்.

மூன்றாவது காரணத்தை நாம் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். தியாகம் என்றதும் உயிரை விடுவது ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. இளம் உள்ளங்களுக்கு, பெருமையோடு சாவதே பேறு, வாழ்வது சிறுமை என்று கதைகள் ஓயாமல் சொல்லுமானால் அது நல்ல பாடமன்று. விடியற்காலையில் எழுந்து பால் காய்ச்சும் தாயும், நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கும் சகோதரியும் உயிரைக் கொடுப்பவர்களே. அவர்கள் அதை ஒரே நாளில் கொடாமல் நாள்தோறும் கொடுக்கின்றனர்.

5. நூல் தந்த விடை

2007 ஜூலை 21 வந்தது. அமெரிக்க நாட்டில் மட்டும் முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் 83 இலட்சம் படிகள் விற்றன. அத்தனை பேரும் அறிய விரும்பிய விடை, இரு தரப்பாரையும் வியக்கச் செய்தது.

வோல்டிமார்ட்டின் ஆன்மாவில் ஒரு துண்டு தன்னுள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதை ஹாரி இறுதியில் அறிகிறான். தான் வாழும்வரை அக்கொடியவன் சாகமாட்டான் என்பது தெளிவாகிறது. எனவே பள்ளியில் உள்ள நண்பர்களைக் காக்க, தானாகவே எழுந்து காட்டுக்குள் நடக்கிறான். இறந்தவரின் நிழலை அழைக்கும் கல் ஒன்று அவன் கையில் உண்டு. அதனால் தாயும் தந்தையும் உடன் நடந்து துணை நிற்கின்றனர். பகைவன்முன் வந்ததும் கல்லைக் கீழே நழுவவிடுகிறான், மந்திரக்கோலை ஓங்கவில்லை, அடியை ஏற்கிறான். முதல் நூலில் கண்ணாடியைவிட்டு எழ மனமின்றி அமர்ந்திருந்த சிறுவன், ஏழாம் நூலில் கல்லை நழுவவிடக் கற்றுக்கொண்டான். இதுவே இத்தொடரின் உண்மையான வளர்ச்சி என்போம்.

அவன் வீழ்கிறான்; அழிந்தது பகைவனின் ஆன்மத் துண்டே. வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் அவனுக்குத் தெரிவு தரப்படுகிறது. திரும்பிவரலாம்; அல்லது அப்பால் போகலாம். அப்பால் போவதே இன்பம் என்று தெரிந்தும் அவன் திரும்புகிறான். அவன் திரும்ப முடிந்தது எவ்வாறு? நான்காம் நூலில் வோல்டிமார்ட் தன் உடலை மீட்க ஹாரியின் இரத்தத்தை எடுத்துக்கொண்டான். அந்த இரத்தத்தில் லில்லியின் அன்புக்காப்பு இருந்தது. அக்காப்பு பகைவன் உடலில் உயிரோடிருக்கும்வரை ஹாரியின் உயிரும் இவ்வுலகோடு கட்டப்பட்டிருந்தது. ஆக, முதல் அத்தியாயத்தில் காத்த தாயே கடைசியிலும் காக்கிறாள். வெளியிலிருந்து புதிதாக எதுவும் வரவில்லை. நாம் கேட்ட முதற் கேள்விக்கு இது நேரிய விடை. கதையின் விதையிலிருந்தே அதன் கனி விளைந்தது.

இன்னொரு தாயையும் மறக்கலாகாது. ஹாரி இறந்தானா என்று பார்க்கப் பகைவன் அனுப்பிய நார்சிஸ்ஸா, குனிந்து அவன் காதில், தன் மகன் டிராக்கோ உயிரோடிருக்கிறானா என்று கேட்கிறாள். ஆம் என்று அறிந்ததும், எல்லார் முன்பும் ‘இறந்துவிட்டான்’ என்று அறிவிக்கிறாள். எதிரியின் பாசறையிலும் தாயுள்ளம் தாயுள்ளமே!

‘செத்தும் பிழைத்தும் காட்டுவது கண்கட்டு வித்தை, ஆசிரியர் இரு தரப்பையும் மகிழ்விக்கப் பார்த்தார்’ என்று குறை கூறுவோர் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. திரும்புவோம் என்று அறிந்து அவன் காட்டுக்குள் நடக்கவில்லை. கொடையின் மதிப்பு, கொடுப்பவன் கொடுக்கும் வேளையில் என்ன எண்ணினான் என்பதில் உள்ளது. மேலும், அவனைச் சுற்றிலும் பிறர் விலை கொடுத்தனர். ஞானத்தந்தை சிரியஸ் முன்னரே மாண்டார். இறுதி நூலில் நண்பனின் அண்ணன் ஃபிரெட், வேலைக்காரச் சிற்றுயிர் டோபி, ஆசிரியர் லூப்பின், அவர் மனைவி டாங்க்ஸ் என்று இழப்புகள் அடுக்கடுக்காய் வருகின்றன. மூன்றாம் கேள்விக்கும் கதை நேர்மையாகவே விடை தந்தது.

இங்கு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். வோல்டிமார்ட் சாவுக்கு அஞ்சித் தன் ஆன்மாவையே துண்டுகளாக்கி ஒளித்து வைத்தவன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கொலை செய்தவன். சாவை வெல்ல எண்ணியவன் பிறரைக் கொன்றான். சாவை ஏற்றவன் பிறரைக் காத்தான். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவில் ஹாரி தன் பெற்றோரின் கல்லறையைக் காண்கிறான். அதில் பொறித்திருப்பது புனித பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் பதினைந்தாம் அதிகாரம், இருபத்தாறாம் வசனம். சாவு அழிவதைப் பேசும் அவ்வரி பகைவனின் கொள்கை போலிருக்கிறதே என்று ஹாரி மயங்குகிறான். சாவுக்கு அப்பாலும் வாழ்வதே அதன் பொருள் என்று தோழி ஹெர்மயனி விளக்குகிறாள். சாவைக் கண்டு ஓடுவது வேறு, அதைக் கடந்துபோவது வேறு என்று அறிவதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

6. எஞ்சியவர் கடமை

இரண்டாம் கேள்வி மட்டும் மீதமுள்ளது: கதை எஞ்சியவரை நினைக்கிறதா?

லூப்பினும் டாங்க்ஸும் இறந்தபோது அவர்கள் மகன் டெடி கைக்குழந்தை. போரில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தை! ஹாரியின் கதை அப்படியே மீண்டும் தொடங்குகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டெடிக்கு ஹாரி ஞானத்தந்தை. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து நடப்பதாக வரும் இறுதிப் பகுதியில், தன் பிள்ளைகளை ரயிலேற்ற வந்திருக்கும் ஹாரி, டெடி வாரத்தில் நான்கு நாள் தங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான் என்று சொல்கிறான். இப்பகுதி இனிப்பு மிகுந்தது என்று கேலி செய்வோர் உண்டு. நமக்கோ இந்த ஒரு செய்தியே ஏழு நூல்களின் முடிவாகத் தோன்றுகிறது. மாடிப்படிக்குக் கீழே வேண்டாத பிள்ளையாய்க் கிடந்தவன், இன்னொரு பிள்ளைக்குத் தன் வீட்டு மேசையில் இடம் போட்டிருக்கிறான். இதற்காகத்தான் அவன் வாழவேண்டியிருந்தது. இறந்திருந்தால் அவனுக்குச் சிலை எழுப்பியிருப்பார்கள்; டெடிக்கு யார் சோறிட்டிருப்பார்?

முடிவுரை

ஆகவே நம் துணிபு இதுதான். கதைத் தலைவன் சாக ஆயத்தமாயிருக்க வேண்டும். அவனைச் சாகவிடக் கதையும் ஆயத்தமாயிருக்க வேண்டும். அந்த ஆயத்தம் பொய்யானால் கதையும் பொய்யாகிவிடும். ஆனால் அவன் இறப்பதும் பிழைப்பதும் எழுதுபவரின் சலிப்பாலோ வாசகரின் ஆசையாலோ முடிவாகலாகாது. கதை தன் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வியே அதைத் தீர்மானிக்க வேண்டும். தாயிழந்த பிள்ளை வாழ்வானா என்று தொடங்கிய கதைக்கு, ‘வாழ்வான், பிறரையும் வாழ்விப்பான்’ என்பதே தக்க விடை. வேறு கேள்வியோடு தொடங்கும் கதைக்கு வேறு விடை பொருந்தலாம். எனவே இனி ஒரு தொடரைப் படித்து முடிக்கும்போது, பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லி நிறுத்திவிடாமல், மேற்கூறிய மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம்.

நம் வகுப்புகளிலும் விடுதியிலும் தாயையோ தந்தையையோ இழந்த தோழியர் இருக்கின்றனர். அவர்களுக்கு ஆறுதல் மொழி கூறத் தெரியாமல் நாம் தயங்கி விலகிப்போவதும் உண்டு. பெரிய சொற்கள் வேண்டியதில்லை. ஹாரியின் வீட்டில் டெடிக்குக் கிடைத்தது ஒரு நாற்காலியும் ஒரு தட்டும்தான். மதிய உணவு மணி அடிக்கும்போது நம் பக்கத்தில் ஓர் இடம் விட்டு, “வா, இங்கே உட்கார்” என்று கூப்பிட நம்மால் முடியும்.